மலையைக் காணும் கண்

மழையின்றி உலகியல் இல்லை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. திருவள்ளுவப் பெருந்தகை தம் நூலில் கடவுள் வாழ்த்தை அடுத்து, இரண்டாம் அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். உழவன் வானத்தைப் பார்த்து விதைத்தான். மீனவன் வானத்தைப் பார்த்துப் படகை இறக்கினான். நம் நாட்டில் பால்மரம் சீவி வாழ்ந்த தோட்டத் தொழிலாளியும் விடியுமுன் எழுந்து வானத்தைப் பார்த்தான். இன்று நாம் வானத்தைப் பார்ப்பதில்லை; கைப்பேசியைப் பார்க்கிறோம். கைப்பேசி பொய் சொல்வதில்லை. ஆயினும் அது ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லுகிறது. நம் வீட்டு முற்றத்துக்கு மேலும், நம் ஊர் மலைக்கு மேலும் இந்த நேரத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அறிய வேண்டுமாயின், நாமே நிமிர்ந்து பார்த்தல் வேண்டும்.

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று பள்ளியினர் கேட்டபோது, நான் சில ஆண்டுகளாகச் செய்து வரும் ஒரு சிறு பணியைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். என் வீட்டில் ஒரு சிறு வானிலை நிலையம் உண்டு. அதனோடு, வெப்கேம் என்று எல்லாரும் அழைக்கும் இணையப் படக்கருவி ஒன்றையும் பொருத்தியிருக்கிறேன். அதனை ஏன் பொருத்தினேன், எவ்வாறு பொருத்தினேன், அதனால் கற்றது என்ன என்பனவற்றை மாணவச் செல்வங்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்து வானிலை

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டம். எங்கள் லயத்து வாசலில் நின்றால் வடக்கே ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை, மற்ற மலைத் தொடர்களோடு சேராமல் கடலோரச் சமவெளியில் தனித்து நிற்கிறது. பழங்காலத்தில் மலாக்கா நீரிணை வழியே வந்த கப்பல்களுக்கு அதுவே அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழம்பெரும் கோயில்களின் இடிபாடுகள் உள்ளன. இராசேந்திர சோழனின் படை 1025 ஆம் ஆண்டில் வென்ற கடாரம் இப்பகுதியே என்று வரலாற்றறிஞர் பலர் கருதுகின்றனர்.

என் தந்தையாருக்கு இவ்வரலாறெல்லாம் தெரியாது. அவருக்கு அம்மலை ஒரு வானிலை அறிக்கை. விடியற்காலையில் பிரட்டுக்குப் புறப்படுமுன் வாசலில் நின்று வடக்கே பார்ப்பார். மலையுச்சி தெளிவாகத் தெரிந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். உச்சியை முகில் மூடியிருந்தால், "மலை தொப்பி போட்டுவிட்டது" என்பார். அவ்வளவுதான். ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் என் தாயாரின் முகம் வாடும். மரத்தின் பட்டை நனைந்தால் பால் நேராகக் கோட்டில் வழியாது. பட்டையெங்கும் பரவிச் சிந்திவிடும். மங்கில் விழும் பாலும் மழைநீரோடு கலந்து கெடும். ஆகவே மழை நாளில் மரம் சீவுதல் இல்லை. வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. மழை தொடர்ந்து பெய்த மாதங்களில் எங்கள் வீட்டுக் கடைக்கணக்கு எவ்வாறு ஏறியது என்பதை நான் அறிவேன். வானிலை என்பது எங்களுக்குப் பொழுதுபோக்கன்று, அது சோறு.

தோட்ட அலுவலகத்தின் முன்னே, புல்தரையில், செம்பாலான உருளை ஒன்று நட்டு வைக்கப்பட்டிருந்தது. அதுவே மழைமானி. ஒவ்வொரு நாளும் காலையில் கிராணி அவர்கள் அதிலிருந்த நீரைக் கண்ணாடி அளவுகுழலில் ஊற்றி, இத்தனை அங்குலம் என்று பேரேட்டில் எழுதுவார். சிறுவனாகிய நான் வேலியோரம் நின்று அதனை வியப்போடு பார்ப்பேன். மேலிருந்து விழும் மழையை ஒரு மனிதர் அளந்து எழுதிவிடுகிறாரே என்ற வியப்பு அது. அவ்வியப்பு இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை.

மழையை அளத்தல்

மழையை அளக்கும் கலை மிகப் பழமையானது. மழையளக்கும் கிண்ணத்தைக் களஞ்சியத்தின் முன் வைக்க வேண்டும் என்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம் கூறுகிறது. கொரிய நாட்டில் செஜோங் மன்னர் காலத்தில், 15 ஆம் நூற்றாண்டிலேயே, மழைமானிகள் செய்யப்பெற்று நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டன.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் என்ன? ஒரு சதுர மீட்டர் தரையில் விழுந்த மழைநீர் எங்கும் ஓடாமல் அப்படியே நின்றால், அதன் உயரம் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அந்நீரை அள்ளி ஊற்றினால் சரியாக ஒரு லிட்டர் வரும். 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள். மாணவர்களே, இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது தேவைப்படும்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், தோட்டத்து மழைமானியின் நினைவு என்னை ஒரு வீட்டு வானிலை நிலையம் வாங்கச் செய்தது. அதில் மழைமானி, வெப்பமானி, ஈரப்பதமானி, காற்றின் விரைவையும் திசையையும் காட்டும் கருவிகள் ஆகியவை ஒரே தண்டில் அமைந்திருந்தன. மழைமானியின் உள்ளே சீசா விளையாட்டுப் பலகையைப் போல இரண்டு சிறு தொட்டிகள் உள்ளன. 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் நிறைந்ததும் ஒரு தொட்டி சாய்ந்து கொட்டும். மற்றது மேலே வரும். எத்தனை முறை சாய்ந்தது என்று கருவி எண்ணிக் கணக்கிடும். வெப்பமானியின் மேல் வெயில் நேரே படாதவாறு வெண்ணிறத் தட்டுகள் அடுக்கடுக்காகக் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளன. வானிலை நிலையங்களில் சாளரப் பலகைகளோடு கூடிய வெள்ளைப் பெட்டி ஒன்றைக் காணலாம். அதனை 19 ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தவர் தாமசு ஸ்டீவன்சன் என்னும் கலங்கரை விளக்கப் பொறியாளர். 'புதையல் தீவு' கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தையார் அவர்.

இந்நிலையம் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. எனினும் 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 ஆம் நாள் என் எண்ணத்தை மாற்றியது.

மழைமானி அறியாதது

அன்று ஜெராய் மலைமேல் கடும் மழை பெய்தது. மலையின் ஓடைகள் பெருகி, மண்ணையும் பாறைகளையும் வேரோடு பெயர்ந்த மரங்களையும் புரட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கின. யான், கோலமூடா மாவட்டங்களின் ஊர்கள் சேற்றில் மூழ்கின. வீடுகள் சிதைந்தன, உயிர்களும் பலியாயின. மலாய் மொழியில் இவ்வாறு திடீரென வரும் வெள்ளத்தைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். 'நீரின் தலை' என்பது அதன் நேர்ப்பொருள். பாம்பு தலையைத் தூக்கிக்கொண்டு வருவது போல நீர் ஒரு சுவராகத் திரண்டு வருவதால் அப்பெயர் பொருத்தமே.

மலையில் ஏன் இவ்வளவு மழை? நீரிணையின் மேல் வீசும் காற்று ஈரம் மிகுந்தது. அது தனித்து நிற்கும் மலையின் மேல் மோதி உயரே எழும்பும். உயரே செல்லச் செல்லக் காற்று குளிரும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தையும் தாங்கவியலாது. ஆதலால் முகில் திரண்டு மழை பொழியும். முன்னர்க் கூறிய கணக்கை இப்பொழுது எடுங்கள். ஒரே ஒரு சதுரக் கிலோமீட்டர் மலைச்சரிவில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த நீர் 10 கோடி லிட்டர். அது செங்குத்தான சரிவில் ஒரே ஓடையை நோக்கி ஓடி வந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அன்றிரவு செய்திகளைக் கேட்டபின் என் மழைமானியின் எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் முற்றத்து மழையை மட்டுமே அறியும். 15 கிலோமீட்டருக்கு அப்பால் மலையுச்சியில் நிகழ்ந்ததை அதனால் அறிய இயலாது. என் தந்தையாரோ கருவி ஏதுமின்றி மலையைப் பார்த்தார். அப்படியாயின் என் நிலையத்துக்குக் குறையாக இருப்பது இன்னோர் அளவுகோல் அன்று, ஒரு கண். இவ்வாறுதான் படக்கருவி பொருத்தும் எண்ணம் தோன்றியது.

குளம்பியிலிருந்து மூடுபனி வரை

இணையப் படக்கருவியின் பிறப்பு ஒரு சுவையான கதை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வுக்கூடத்தில் 'ட்ரோஜன் அறை' என்றோர் அறை இருந்தது. அதன் அருகே ஒரு காப்பிக் குடுவை. மற்ற மாடிகளில் பணியாற்றிய ஆய்வாளர்கள் காப்பிக்காகப் படியிறங்கி வந்து, குடுவை காலியாக இருக்கக் கண்டு ஏமாந்து திரும்புவர். ஆகவே 1991 ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு படக்கருவியைக் குடுவையை நோக்கி நிறுத்தி, தத்தம் கணினித் திரையிலேயே காப்பி உண்டா இல்லையா என்று பார்க்க வழி செய்தனர். 1993 இல் அப்படம் இணையத்தில் ஏறியது. உலகெங்கும் மக்கள் ஒரு காப்பிக் குடுவையைப் பார்த்து மகிழ்ந்தனர். 2001 ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1994 இல் இன்னொரு கருவி தொடங்கப்பெற்றது. மூடுபனிக்குப் பேர்போன நகரம் அது. ஆதலால் அக்கருவிக்கு மூடுபனியின் பெயரையே சூட்டினர். சோம்பலுக்குத் துணையாகப் பிறந்த கருவி சில ஆண்டுகளிலேயே வானத்தை நோக்கித் திரும்பிவிட்டது காண்க.

கருவியைப் பொருத்திய வகை

முதலில் திசை. வானிலைப் படக்கருவிக்குப் பெரும்பகை கதிரவன். கிழக்கே திருப்பினால் காலையிலும், மேற்கே திருப்பினால் மாலையிலும் கதிரவன் நேரே கண்ணில் விழுந்து படம் முழுதும் வெளிறிப்போகும். என் நற்பேறு, ஜெராய் மலை என் வீட்டுக்கு வடக்கே, சற்று மேற்காக, ஏறத்தாழ 20 பாகை விலகி நிற்கிறது. நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், ஜூன் திங்களில் கதிரவன் நமக்கு வடபுறமாகச் செல்கிறான். அப்பொழுதுகூட அவன் மறையும் இடம் வடக்கிலிருந்து 66 பாகைக்கு அப்பால்தான். நண்பகலிலோ மிக உயரே இருப்பான். ஆகவே மலையை நோக்கிய கருவியில் ஆண்டு முழுவதும் கதிரவன் நேரே விழுவதில்லை.

அடுத்து வில்லை. அகன்ற பார்வையுள்ள வில்லை வானத்தை நிறையக் காட்டும். ஆனால் மலை ஓர் எறும்புப் புற்றளவே தோன்றும். நான் ஏறத்தாழ 50 பாகை அகலத்தைக் காட்டும் வில்லையைத் தெரிந்தெடுத்தேன். அதில் மலை படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தெரிகிறது; அதன்மேல் முகில் திரள்வதைக் காண வேண்டிய வானமும் போதிய அளவு கிடைக்கிறது.

கருவியின் மேல் ஐ.பி. 66 என்ற குறியைப் பார்த்து வாங்கினேன். முதல் 6 தூசு புகாது என்பதையும், இரண்டாம் 6 வலிமையாகப் பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்பதையும் குறிக்கும். இருப்பினும் அதனைத் தாழ்வாரத்துக் கூரையின் விளிம்புக்குக் கீழேயே வைத்தேன். வில்லையின் மேல் விழும் ஒரு துளி மழை, மலை முழுவதையும் மறைத்துவிடும். கம்பியை நேரே சுவருக்குள் இழுக்காமல், சற்றுக் கீழே தொங்கும் வளைவாக விட்டுப் பின் மேலேற்ற வேண்டும். அப்பொழுது கம்பி வழியே ஓடி வரும் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிப் போகும், சுவருக்குள் நுழையாது. சிறு செய்திதான். ஆயினும் நம் நாட்டு மழையில் கருவியின் ஆயுளைக் காப்பது இதுவே.

இடிமின்னலுக்கும் அஞ்ச வேண்டும். நம் நாடு இடிமின்னல் மிகுந்த நாடு. ஆகவே கூரையின்மேல் இரும்புக் கம்பம் நடாமல், சுவரிலேயே கருவியைப் பொருத்தினேன். மின்னிணைப்பைத் தகுதி பெற்ற மின்பணியாளரே செய்தார். மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் காப்பையும் அவரே அமைத்தார். மாணவர்கள் இப்பணிகளைத் தாமே செய்ய முற்படலாகாது.

பல்லியும் சிலந்தியும் என் மறுபக்கத்து எதிரிகள். இருளில் படம் எடுக்கக் கருவியில் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழொளி ஒன்று உண்டு. அதனை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளை நாடிச் சிலந்தி வந்து வில்லையின் முன்னே வலை பின்னும். அவ்வொளி 15 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலையை எட்டப்போவதுமில்லை. ஆதலால் அதனை அணைத்துவிட்டேன்; சிலந்தியும் இடம் பெயர்ந்தது. திங்களுக்கு இருமுறை மென்துணியால் வில்லையைத் துடைக்கிறேன்.

இன்னொரு நுட்பம். கருவி தானாகவே வெளிச்சத்தைச் சீராக்கிக்கொள்ளும் இயல்புடையது. இது வீட்டுக் காவலுக்கு நல்லது, வானிலைக்கு ஆகாது. வானம் கறுத்தால் கருவி அதனை வெளுப்பாக்கிவிடும். கருமுகிலும் வெண்முகிலும் ஒன்றாகத் தோன்றும். அதனால் வெளிச்ச அளவை மாறாது நிறுத்தி வைத்தேன். இப்பொழுது கறுப்பு கறுப்பாகவே தெரிகிறது.

படங்களைத் திரட்டுவது உள்ளங்கையளவே உள்ள ராசுபெரி பை என்னும் சிறு கணினி. 2012 இல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த அக்கணினியும் கேம்பிரிட்ஜில் தோன்றியதே. அது காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நிமிடத்துக்கு ஒன்றாக 720 படங்களைச் சேமிக்கிறது. விநாடிக்கு 24 படங்கள் வீதம் ஓட்டினால், ஒரு பகல் முழுவதும் 30 விநாடிகளில் ஓடி முடிகிறது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் நேரம், வெப்பம், ஈரப்பதம், மழை ஆகியவற்றின் எண்கள் அச்சாகின்றன. வானிலை நிலையத்தின் கடிகாரமும் படக்கருவியின் கடிகாரமும் ஒன்றாக ஓடுவது இன்றியமையாதது. இல்லையேல் கண் ஒன்றைச் சொல்லும். எண் வேறொன்றைச் சொல்லும்.

அண்டை வீட்டார்

கருவியைப் பொருத்திய மறுநாள், பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டியார் வேலியோரம் வந்து நின்றார். நாங்கள் அவரை மாக்சிக் என்போம். அவர் என்னை ஆசிரியர் என்னும் பொருளில் 'சிக்கு' என்பார். இருபது ஆண்டுப் பழக்கம். கருவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சிக்கு, இந்தக் கண் என் வீட்டுக் கொல்லையையும் பார்க்குமா?" என்று கேட்டார்.

அக்கேள்வி நியாயமானது. நம் வீட்டுச் சுவரில் நாம் எதனையும் மாட்டலாம். ஆனால் அதன் பார்வை பிறர் வீட்டுக்குள் செல்லுமாயின் அது நம் உரிமையன்று. அவரை உள்ளே அழைத்துப் படத்தைக் காட்டினேன். படத்தின் அடியில் அவர் வீட்டுக் கூரையின் ஓரமும், துணி உலர்த்தும் கொடியின் ஒரு முனையும் தெரிந்தன. அவர் முன்னிலையிலேயே அப்பகுதி முழுவதையும் கணினியில் கறுப்பாக்கி மறைத்தேன். இப்பொழுது படத்தில் மலை, வானம், தொலைவிலுள்ள செம்பனைத் தோப்பின் தலைகள் ஆகியவை மட்டுமே உள்ளன. அவர் கண்ணாடியை அணிந்து உற்றுப் பார்த்து, மனநிறைவோடு சென்றார்.

மூன்று நாள் கழித்து மீண்டும் வந்தார். அவர் மகன் தஞ்சோங் டாவாயிலிருந்து கடலுக்குச் செல்லும் மீனவர். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், விடியற்காலையில் சுமத்திராப் பக்கத்திலிருந்து திடீர்ச் சூறைக்காற்று இடிமழையோடு கிளம்பி நீரிணையைக் கடந்து வரும். சிறு படகுகளுக்கு அது கூற்றுவன். "மலை எப்படி இருக்கிறது, சிக்கு?" என்று மாக்சிக் கேட்டார். அன்று முதல் மகன் கடலுக்குப் போகும் நாள்களிலெல்லாம் அவர் கேட்பதும் நான் காட்டுவதும் வழக்கமாயின. "இது மலையைத்தான் காட்டும், கடலைக் காட்டாது. வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையையும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று நான் தவறாமல் கூறுவேன். "அதை அவன் பார்க்கிறான், நான் இதைப் பார்க்கிறேன்" என்பார். ஒரு தாயின் கவலைக்கு எந்த அறிவியலும் முழு விடை தந்துவிட முடியாது. ஆயினும் அவரோடு சேர்ந்து நிமிர்ந்து பார்க்கலாம் அல்லவா?

மலையே அளவுகோல்

படமும் எண்ணும் சேர்ந்தபோது நான் எதிர்பாராத ஒரு பயன் கிட்டியது. காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்குமோ, அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பர். காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125 ஆல் பெருக்கினால், திரள்முகிலின் அடிப்பகுதி தோராயமாக எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது தெரியும். வெப்பம் 30 பாகை, பனிநிலை 24 பாகை எனக் கொள்வோம். வேறுபாடு 6, 125 ஆல் பெருக்க 750 மீட்டர். மலையின் உயரம் 1,217 மீட்டர். ஆகவே மலையின் மேற்பகுதி முகிலுக்குள் மறைந்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்தால், பெரும்பாலான நாள்களில் அவ்வாறே இருக்கிறது! வெப்பம் 34 ஆக உயர்ந்து பனிநிலை 24 இலேயே நின்றால், விடை 1,250 மீட்டர். உச்சி வெளியே தெரியும். என் தந்தையார் தொப்பி என்று சொன்னதை நான் பெருக்கல் வாய்பாட்டால் சொல்லுகிறேன். இருவர் சொல்வதும் ஒன்றே.

புகைமூட்டக் காலத்திலும் மலை ஓர் அளவுகோலாகிறது. உச்சி தெளிவாகத் தெரிந்தால் பார்வைத் தொலைவு 15 கிலோமீட்டருக்கும் மிகுதி என்று பொருள். 2015 ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தின்போது அம்மலை இருந்த இடமே தெரியாமல் போனது நினைவிருக்கிறது. தொலைவு தெரிந்த குன்றுகளையும் கட்டடங்களையும் கொண்டு பார்வைத் தொலைவைக் கணிப்பது வானிலையாளரின் பழைய முறையேயாகும்.

முகில்களை வகைப்படுத்திப் பெயரிட்டவர் இலண்டன் மருந்து வணிகரான லூக் ஹோவர்டு என்பவர், ஆண்டு 1802. கீற்றுமுகில், திரள்முகில், படைமுகில் என அவர் கண்ட வகைகளை நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து கற்பித்ததுண்டு. 30 விநாடிப் படத்தில் அவை பிறந்து, வளர்ந்து, கலைவதைப் பார்க்கும்போது, கரும்பலகையில் வரைந்தவை உயிர்பெற்று எழுந்தன போலத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு. என் தங்கை மகன் தன் பிள்ளைகளையும் அவர்தம் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு மலையடிவாரத்து ஆற்றுக்கு நீராடச் சென்றிருந்தான். நண்பகல் கடந்த வேளை. என் வீட்டு வானம் நீலம். மழைமானி சுழியம் காட்டியது. தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். மலையின் மேல் பாதி இல்லை. கரிய முகில் அதனை விழுங்கியிருந்தது; அதன் அடியிலிருந்து சாம்பல்நிறத் திரை ஒன்று சரிவின்மேல் தொங்கியது. அது மழை.

உடனே தொலைபேசியில் அழைத்தேன். "மாமா, இங்கே வெயில் சுட்டெரிக்கிறதே! மழைக்கு அறிகுறியே இல்லை" என்றான் மருமகன். "உன் தலைக்கு மேல் இல்லை, தம்பி, மலைக்கு மேல் இருக்கிறது. பிள்ளைகளைக் கரையேற்று. மற்றக் குடும்பங்களுக்கும் சொல்" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. 2021 ஆம் ஆண்டை அவனும் மறந்தவனல்லன்.

பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காருக்குள் அமர்ந்து உண்டனராம். அன்று ஆறு சற்றே கலங்கியது, பெருகவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்த சிறுமி, "தாத்தா, வெள்ளம் வரவே இல்லையே!" என்று குறைபட்டுக்கொண்டாள். "ஆமாம், அம்மா, வரவில்லை. நீ வந்திருக்கிறாயே, அது போதும்" என்றேன். அவளுக்கு அது விளங்கியதோ இல்லையோ, அவள் தாய்க்கு விளங்கியது. வராத வெள்ளத்துக்காகக் கரையேறியவர் இழந்தது ஒரு மணி நேர விளையாட்டு. வரும் வெள்ளத்துக்குக் கரையேறாதவர் இழப்பதை அளக்க மழைமானி இல்லை.

மாணவர்க்குச் சில சொற்கள்

என் கருவியின் எல்லைகளையும் சொல்லிவிடுதல் வேண்டும். இரவில் அதற்குக் கண் தெரியாது. மலையின் தென்புறத்தைக் காட்டும்; அப்புறத்தைக் காட்டாது. மழை திரையிட்டுவிட்டால் மலை எங்கே என்றே தெரியாது. ஆகவே எந்த வீட்டுக் கருவியும் அரசுத் துறைகளின் எச்சரிக்கைக்கு மாற்றாகாது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆறுகளின் நீர்மட்டத்தை இணையத்தில் காட்டுகிறது. பெற்றோரோடு அமர்ந்து அவற்றைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

மலையாற்றில் நீராடச் செல்லும்போது மூன்றை மறவாதீர். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தாலும், மேலிருந்து இரைச்சல் கேட்டாலும் அக்கணமே கரையேறி உயரமான இடத்துக்குச் செல்லுங்கள். காலணியையும் உணவுப் பெட்டியையும் எடுக்கத் திரும்பாதீர். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பது ஒரு சான்றாகாது.

வானிலை நிலையம் அமைக்கப் பெரும்பொருள் வேண்டும் என்றும் எண்ணற்க. நேரான பக்கங்களையுடைய ஒரு கண்ணாடிக் குவளையும் ஓர் அளவுகோலும் இருந்தால் மழைமானி ஆயிற்று. மரங்களுக்கும் சுவர்களுக்கும் விலகி, திறந்த வெளியில் அதனை வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். படக்கருவிக்கு மாறாக உங்கள் கண்கள் உள்ளன. பள்ளிக்கு வரும் வழியில் ஒரே இடத்தில் நின்று வடக்கே பாருங்கள். மலை தெரிகிறதா? எவ்வளவு தெரிகிறது? குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஓராண்டு முடிவில் அக்குறிப்பேடு எந்தப் பாடநூலும் தராத பாடத்தை உங்களுக்குத் தரும்.

என் தந்தையார் கூலிக்காக மலையைப் பார்த்தார். மாக்சிக் மகனுக்காகப் பார்க்கிறார். நான் ஆற்றில் விளையாடும் பிள்ளைகளுக்காகப் பார்க்கிறேன். நீங்கள் அறிவுக்காகவும், பிறர் நலத்துக்காகவும் பாருங்கள். கருவிகள் மாறும், இன்றைய படக்கருவி நாளை பழம்பொருளாகும். நிமிர்ந்து பார்க்கும் பழக்கமும், பார்த்ததைப் பிறர்க்குச் சொல்லும் நல்லெண்ணமும் மட்டும் உங்களோடு என்றும் நிலைக்குமாக.

வாழ்க மாணவர் குலம்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!